தேடினா வராத பக்கம்

அப்படி ஒரே வார்த்தையில கேட்டா நான் என்னன்னு சொல்றது டீச்சர்? ஏன் வரல, ஏன் வரலன்னா? வராததுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. மொதல்ல உக்காருங்க. அதுல வேணாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை. போன வாரம் ஒரு பல் டாக்டரையே கவுத்துவிட்டுடுச்சு. இதுல உக்காருங்க. கீழ கண்ணாடி அறுக்குறான், சத்தம் கொஞ்சம் பல்லு கூசும், பொறுத்துக்குங்க. நான் நாள் பூரா அதைக் கேட்டுக்கிட்டேதான் வேலை பாக்குறேன்.

சரி, உங்க தம்பி கெடந்த வார்டு நர்ஸம்மா என்ன சொன்னாங்கன்னு சொன்னீங்க? இவரு யாருன்னு கண்டுபிடிக்க, தினமும் டூட்டிக்கு வந்ததும் போன்ல தேடி அடிச்சுப் பாப்பாங்களாம். காணவில்லை, இடது மணிக்கட்டுல தீக்காயத் தழும்பு, வலது காது பாதி இல்ல, முப்பத்தஞ்சு வயசு, பேச்சு வராது. நாப்பது நாளு. ஒருநாள்கூட உங்க தம்பிக்காக நாம போட்ட வெப்சைட்டுப் பக்கம் வரல. அவரு நெஞ்சுல சளி கட்டிச் செத்துப்போயி, கேக்க ஆளில்லன்னு ஆஸ்பத்திரிக்காரங்களே பொதைச்சு, ஒம்பது நாள் கழிச்சு அந்தம்மா சும்மா பழக்கதோஷத்துல அடிச்சுப் பாக்குறாங்க, மொதல்லயே வந்து நிக்குது. போட்டோவோட, உங்க போன் நம்பரோட. அதானே? கேக்குறப்ப வயிறு எரியுது டீச்சர், இல்லன்னு சொல்லல. அதுக்காக உண்மையைச் சொல்லாம இருக்க முடியுமா?

பதினாறு வருஷமா இதே தொழில். ஓட்டல்காரன், பல் டாக்டர், டைல்ஸ் கடைக்காரன், எவனா இருந்தாலும் இந்த மாடிப்படியில அழுதுக்கிட்டேதான் ஏறி வருவான். என் வெப்சைட்டு தேடினா வரல, தேடினா வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். திறந்து பாத்தா எல்லாம் அவனே செஞ்சு வெச்ச கோளாறாத்தான் இருக்கும். நீங்களும் அந்த ரகம்தான், கோவிச்சுக்காதீங்க.

ஸ்கிரீனைப் பாருங்க. தலைப்பு என்ன வெச்சிருக்கீங்க? எங்க சின்னவனைக் காணோம். டீச்சர், உங்க வீட்டுல அவரு சின்னவன். ஊருக்கும் சின்னவனா? பஸ்ல எட்டு மணி நேரம் போற தூரத்துல ஒரு வார்டுல நிக்கிற நர்ஸுக்கு இவரு பேரு சின்னவன்னு யாரு போய்ச் சொன்னா? அவரே சொல்வாரா? சாரத்துலேர்ந்து விழுந்து தலையில அடிபட்டதுலேர்ந்து அவருக்குப் பேச்சே இல்லையே. கணக்கு டீச்சரு நீங்க, கேள்வியே எழுதாம பரீட்சைப் பேப்பர் குடுப்பீங்களா?

அப்பவே நான் சொல்லியிருக்கணுமா? நல்லா இருக்கே. சொல்லாம என்ன, சொன்னேன். காதுல வாங்குற நெலைமையிலயா இருந்தீங்க? மூணு நாளா தூங்காம, கண்ணு ரெண்டும் செவசெவன்னு, காலையில ஸ்கூல் பொடவையோடயே வந்து நின்னீங்க. சின்னவன்னுதான் போடணும், அவன் பாத்தா அவனுக்குப் புரியும்னீங்க. எழுத்தையே மறந்துபோன மனுஷன், யார்கிட்டயோ போனை வாங்கி, தன் பேரைத் தானே தேடிப் பாத்துக்குவாராம். சிரிக்கிறதா அழுவுறதா?

சரி, அடுத்தது. இந்த நோட்டீஸு. இது உங்க ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் கைவண்ணம்தானே? செவப்புல பெருசா, நிழல் எல்லாம் விழற மாதிரி எழுதிக் குடுத்திருக்காரு. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா இது படம் டீச்சர். உயரம், நிறம், போட்டிருந்த சட்டை, வீட்டை விட்டுப் போன நாளு, எல்லாத்தையும் படத்துக்குள்ள எழுதிட்டாரு. தேடுற மெஷினு ஒண்ணும் நாம கேட்ட பிறகு கிளம்பிப் போய்த் தேடிட்டு வராது. முன்கூட்டியே வந்து ஒவ்வொரு பக்கமாப் படிச்சு, ஒரு லிஸ்ட்ல ஏத்தி வெச்சிருக்கும். நாம கேட்டா அந்த லிஸ்டைப் பாத்துச் சொல்லும், அவ்வளவுதான். படத்துக்குள்ள எழுதினது அதுக்குச் சரியாப் பிடிபடாது. உங்க டிராயிங் மாஸ்டரு ராத்திரி முழுக்க முழிச்சு எழுதினது செவத்துல ஒட்டத்தான் லாயக்கு.

இன்னொண்ணு இருக்கு, இதைத்தான் நீங்க கண்டிப்பாப் பாக்கணும். இப்ப இந்தப் பக்கத்தைப் புதுசாத் திறக்குறேன், உங்க வாட்சைப் பாத்துக்குங்க. ஒண்ணு. ரெண்டு. வருதா? வரல. நெத்தி மட்டும் வந்திருக்கு. அஞ்சு, ஆறு. கண்ணு வந்துடுச்சு. கேமராவைப் பாக்காம எங்கயோ பாக்குறாரு பாருங்க. எட்டு. இப்ப மூக்கு. ஏன் முகத்தைத் திருப்பிக்கிறீங்க? பாருங்க டீச்சர், பாத்தாத்தான் விஷயம் புரியும். பத்து, பதினொண்ணு, இதோ தாவாங்கட்டை. ஒரு மூஞ்சி வந்து சேர பதினோரு செகண்டு. போன்ல எடுத்த போட்டோவை அப்படியே, அதே பெருசுல ஏத்தி வெச்சா இப்படித்தான் இழுக்கும். இவ்வளவு மெதுவாத் திறக்குற பக்கத்தை மெஷினுக்குப் பிடிக்காது, பின்னாடி தள்ளிடும். நீங்கதான் சின்னதாக்க வேணாம்னு சொன்னீங்க. காதும் தழும்பும் தெளிவாத் தெரியணும்னீங்க. தெரிஞ்சுது, யாருக்குத் தெரிஞ்சுது?

இருங்க, இன்னும் முடியல. இங்க பாத்தீங்களா, போலீஸ் புகார் நகல்னு எழுதியிருக்கு. அமுக்குறேன். பக்கம் இல்லைன்னு வருது. நீங்க எங்கயோ வெச்சிருந்த நகலை எவனோ அழிச்சிட்டான், வாசல் இருக்கு, வீடு இல்ல. அப்புறம் இதே பக்கம் மூணு எடத்துல இருக்கு. ஒண்ணு நான் போட்டது. ஒண்ணு டிராயிங் மாஸ்டர் எடுத்துத் தன்னோட எடத்துல போட்டது. இன்னொண்ணு உங்க அண்ணன் பையன் போட்டது. நல்ல எண்ணம்தான், யாரு இல்லன்னா? ஆனா ஒரே விஷயம் மூணு எடத்துல இருந்தா எது அசலுன்னு மெஷினுக்குக் கொழப்பம். கொழம்பினா மூணையும் ஓரமா வெச்சுடும். ஆளாளுக்கு ஒதவி பண்றேன்னு பண்ணி, எல்லாருமாச் சேந்து அந்த மனுஷனை மறைச்சு வெச்சிருக்கீங்க.

அழாதீங்க. அழுதா நான் பேச முடியாது. நீங்கதானே காரணம் கேட்டு வந்தீங்க? உங்க அண்ணன் கேட்டுவிட்டாருன்னீங்க. அன்னைக்குக் காலையில ஸ்கூலுக்குப் போறப்ப நீ கதவைச் சாத்தாமப் போனதால அவன் வெளிய போனான், பக்கம் போடறேன்னு போட்டியே, அதையாவது ஒழுங்காப் போட்டியான்னு நாக்கு மேல பல்லைப் போட்டுக் கேட்டாராமே. அவருக்குக் காட்டத்தான் எல்லாத்தையும் ரெண்டு பேப்பர்ல அடிச்சு வெச்சிருக்கேன். இந்தாங்க. தலைப்புக் கோளாறு, படத்துக்குள்ள எழுத்து, போட்டோ சைஸு, ஒடஞ்ச லிங்க், மூணு நகல். கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். உங்க மேல தப்பு இருக்குன்னு நான் எங்கயும் எழுதல, படிக்கிறவங்களே புரிஞ்சுக்குவாங்க.

என்ன?

சத்தத்துல கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க.

அதுவா. ஆமா, அந்தப் பக்கத்துல போட்டோவுக்குக் கீழ நாலு வரி இருக்கு. படத்துல இல்ல, தனியா அடிச்சதுதான். மணிக்கட்டு, காது, வயசு, பேச்சு வராது. நான்தான் அடிச்சேன். நர்ஸம்மா தேடினதும் அதே வார்த்தைங்கதான், ஒத்துக்குறேன். அது மெஷினால படிக்கக்கூடியதுதான். ஆனாலும் மத்த கோளாறெல்லாம் இருக்குறப்ப...

இல்ல, இன்னும் சரி பண்ணல.

தலைப்பு அப்படியேதான் இருக்கு. போட்டோவும் அதேதான், இப்பதானே பதினோரு செகண்டு ஆச்சு. நகலுங்களையும் யாரும் எடுக்கல. ஆமா. எதையும் தொடல.

விட மாட்டீங்களே. என் பொண்ணு அப்பவே சொல்லுவா, கணக்கு டீச்சர்கிட்ட விடை மட்டும் எழுதிட்டுத் தப்பிக்க முடியாதுப்பா, வழி கேப்பாங்கன்னு. எல்லாக் கோளாறும் அப்படியே இருக்குறப்ப இப்ப மட்டும் எப்படி மொதல்ல வருதுன்னு கேக்குறீங்க. இருங்க, அந்த ஜன்னலைச் சாத்திட்டு வரேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

ஒரு வரி டீச்சர். பக்கத்தைத் திறந்தா அது உங்க கண்ணுல படாது, பின்னாடி இருக்கும். மெஷினுக்கு மட்டும் எழுதுறது. இந்தப் பக்கத்தை உன் லிஸ்ட்ல ஏத்தாதேன்னு. நாங்க எல்லாருமே போடுவோம். வேலை பாதியில இருக்குறப்ப மெஷினு வந்து அரைகுறையாப் படிச்சுட்டுப் போயிடக் கூடாது பாருங்க, அதுக்காக மொத வேலையா அந்த வரியைப் போட்டுட்டுத்தான் கை வெப்போம். வேலை முடிஞ்சதும் கடைசி வேலையா எடுக்கணும். இந்தத் தொழில்ல நேத்து சேந்தவனுக்குக்கூடத் தெரியும்.

அன்னைக்கு உங்களைக் கீழ அனுப்பிட்டு எல்லாம் முடிச்சேன். நாலு வரியும் அடிச்சேன். அந்த வரியை எடுக்குறது ஒண்ணுதான் பாக்கி. அந்த நேரம் பாத்து ஓட்டல்காரன் போன் பண்ணான், ரூம் புக்கிங் பக்கம் படுத்துடுச்சு, ஆளுங்க கத்துறாங்க, ஓடி வான்னான். ஓடினேன். சாயங்காலம் வந்து உங்க பக்கத்தைத் திறந்து பாத்தேன், நல்லா தெரிஞ்சுது. உங்களுக்கு முகவரி அனுப்பினேன். நீங்க திறந்தீங்க, தெரிஞ்சுது. உங்க சொந்தக்காரங்க திறந்தாங்க, தெரிஞ்சுது. முகவரி கையில இருக்குறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. அவரு சின்னவன்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு மட்டும் தெரிஞ்சுது. தேடுறவங்களுக்கு அப்படி ஒரு பக்கமே இல்ல. நகல் எடுத்த ரெண்டு பேரும் அந்த வரியையும் சேத்தே எடுத்திருக்காங்க, அதனால அதுவும் வரல.

மத்த கோளாறெல்லாம் பொய்யான்னா, பொய் இல்ல. அதெல்லாம் கோளாறுதான். பத்தாவது எடத்துல வர வேண்டியது பன்னெண்டாவது எடத்துல வரும், அவ்வளவுதான் அதால முடியும். மணிக்கட்டு, பாதிக் காது, பேச்சு வராதுன்னு ஒலகத்துல எத்தனை பக்கம் இருக்கப் போகுது? உங்க தலைப்பு எவ்வளவு கேவலமா இருந்தாலும் அந்த நாலு வரிக்கு அது மொதல்லதான் வந்திருக்கும். நர்ஸம்மா மொத நாள் அடிச்சப்பவே வந்திருக்கும்.

நீங்க போன் பண்ணீங்க. மொத வாரம் பண்ணீங்க. நேரம் எடுக்கும் டீச்சர், பொறுமையா இருங்கன்னேன். மூணாவது வாரம் பண்ணீங்க, அதையேதான் சொன்னேன். அதுக்கப்புறம் இன்னொரு தடவை பண்ணீங்க, அப்பவும் அதேதான். எங்க தொழில்ல அது எப்பவும் செல்லுபடியாகுற பதிலு. எவன் கேட்டாலும் நேரம் எடுக்கும்னு சொல்லிட்டா அவனும் வாயை மூடிக்குவான். நீங்க வேற, சரிங்க, தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வெச்சீங்க.

எப்ப எடுத்தேன்னா, நாலாவது தடவை நீங்க போன் பண்ணீங்களே, அன்னைக்கு. ஏதோ மனசு கேக்காம திறந்து பாத்தேன். வரி கண்ணுல பட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. உடனே எடுத்துட்டு, மெஷினை வந்து படிக்கச் சொல்லி ஒரு வேண்டுகோளும் விட்டேன். ரெண்டே நாள்ல வந்து படிச்சிடுச்சு. அந்த ரெண்டாம் நாள்தான் நர்ஸம்மா அடிச்சுப் பாத்தது. அதுக்குள்ள அவரு கண்ணை மூடி ஒம்பது நாள் ஆகிப்போச்சு. தெய்வத்து மேல ஆணையா, அவரு போயிட்டாருன்னு அப்ப எனக்குத் தெரியாது.

திட்டுங்க. ஏதாவது சொல்லுங்க. இந்த ஸ்கிரீனைத் தூக்கிப் போட்டு உடைங்க, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்தப் பேப்பரைக் குடுங்க, அதை உங்க அண்ணன்கிட்ட காட்டாதீங்க. கிழிச்சிடுங்க. வேற அடிச்சுத் தரேன், வெப்சைட்டுக்காரன் மறந்துட்டான்னு என் பேரைப் போட்டே அடிச்சுத் தரேன். அந்த ஆளு அதுக்கு மேல உங்களை ஒரு வார்த்தை பேச முடியாது.

எதுவும் வேணாமா?

இப்ப என்ன சொன்னீங்க? மறதிதானே, நானும்தான் கதவைச் சாத்த மறந்துட்டேன், உங்களை என்ன சொல்றதுன்னா சொல்றீங்க?

டீச்சர், அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க. வேணாம். என்னை நாலு கேள்வி கேட்டுட்டுப் போங்க. வீட்டுல நான் என்ன சொல்றது? டீச்சருக்கு அந்தப் பக்கத்தைப் போட்டுக் குடுங்க, பொண்ணு கணக்குல பாஸானதே அவங்க புண்ணியத்துலன்னு என் சம்சாரம் சொல்லித்தான் எடுத்தேன். எடுத்த அன்னைக்கே இவங்களுக்கு என்ன, சும்மா பண்றதுதானேன்னு மனசுல ஒரு அலட்சியம் இருந்துச்சு. ஓட்டல்காரன் கூப்பிட்டா ஓடினேன் இல்ல? அவன் பக்கம் கால் மணி நேரம் படுத்ததுக்கு ஓடினேன்.

ஏன் எந்திரிச்சீங்க? பையை விட்டுட்டுப் போறீங்க, இந்தாங்க.

பொண்ணா? நல்லா இருக்கா. காலேஜு சேந்துட்டா. கணக்குதான் எடுத்திருக்கா. நீங்க விசாரிச்சதாச் சொல்லணுமா? சொல்றேன்.

டீச்சர், ஒரு நிமிஷம். படி எறங்காதீங்க, நில்லுங்க.

மறதின்னு சொன்னீங்களே, அதை வெச்சுக்கிட்டு நீங்க போகக் கூடாது. மொதல்ல மறந்தேன், அது நெஜம். ஆனா நாலாவது தடவை போன் பண்ணப்பதான் பாத்தேன்னு சொன்னது நெஜமில்ல. மூணாவது தடவையே பாத்துட்டேன். அஞ்சு வாரம் தாண்டியிருந்துச்சு. நீங்க ஸ்கூல்லேர்ந்து பேசினீங்க, பின்னாடி மணி அடிச்சுது. உங்ககிட்ட நேரம் எடுக்கும்னு சொல்லிக்கிட்டே திறந்து பாத்தேன், வரி இருந்துச்சு. எடுக்க அரை நிமிஷம் போதும். கையைக்கூட வெச்சுட்டேன். அப்புறம் ஒரு யோசனை. இப்ப எடுத்தா ரெண்டு நாள்ல மேல வந்துடும், இத்தனை நாள் வராதது எப்படித் திடீர்னு வந்துச்சுன்னு நீங்க கேப்பீங்க. கணக்கு டீச்சரு, கேக்காம இருப்பீங்களா? அதனால தலைப்பு, போட்டோ, லிங்க்கு எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, அதோட சேத்து எடுத்துக்கலாம், வேலை பாத்தேன், வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்னு வெச்சுட்டேன். மத்த வேலைக்கு நேரம் கெடைக்கல. நீங்க நாலாவது தடவை கூப்பிட்ட அன்னைக்குத்தான் எடுத்தேன், அதுக்குள்ள பதினஞ்சு நாள் ஓடிப்போச்சு.

நீங்க மூணாவது தடவை பேசின நாளும் நர்ஸம்மா சொன்ன நாளும் ரெண்டையும் வெச்சு எண்ணிப் பாத்துட்டேன் டீச்சர். உங்க தம்பிக்கு அப்ப சளிகூட கட்டல, தானா எழுந்து வார்டுக்குள்ள நடந்துக்கிட்டு இருந்திருக்காரு. அதுக்கப்புறம் எட்டு நாள் உயிரோட இருந்தாரு.